கை படாத காசு

“இருபத்தாறு வருஷத்துல ஒரு காசோட முகத்துல என் விரல் பட்டதில்ல. ஒரே ஒரு தடவை பட்டுச்சுன்னு யாராவது நிரூபிச்சா, இந்தக் கடையை அப்படியே அவங்க பேருக்கு எழுதிக் குடுத்துடுறேன்” என்று சொல்லியபடி ஓரம் அக்கா தட்டிலிருந்து ஒரு பிஸ்கட்டை எடுத்தார். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் பிஸ்கட்டின் ஓரத்தை மட்டுமே தொட்டன. தவறி விழுந்தால் தாங்கிக்கொள்ள மறு கை கீழே விரிந்திருந்தது. விளக்கின் பக்கம் லேசாகச் சாய்த்து இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகுதான் கடித்தார்.

கடையை எழுதி வாங்கிக்கொள்ள இதுவரை யாரும் முன்வரவில்லை. அக்காவின் ஒழுக்கம் அதற்கு முக்கியக் காரணம். கடையின் அளவு இன்னொரு காரணம். பழைய கட்டடத்தின் இரண்டாவது மாடியில், பல் டாக்டரின் அறைக்கும் ஒரு வக்கீலின் பூட்டிக்கிடக்கும் அறைக்கும் நடுவே, கட்டியவர் மறந்துபோய் விட்ட இடைவெளி போல இருக்கிறது அது. இரண்டு பேர் உட்காரலாம். மூன்றாவது ஆள் வந்தால் நிற்க வேண்டும். நான்காவது ஆள் வந்தால் அவருக்கு நல்ல நேரமில்லை. மேசைமேல் தடித்த பச்சைத் துணி, வளையும் கழுத்துள்ள விளக்கு, மருந்துக்கடைத் தராசு. மூலையில் மார்பு உயர இரும்புப் பெட்டி. வாசல் பலகையில், ‘நாணயங்கள் வாங்கப்படும், விற்கப்படும், மதிப்பிடப்படும்’ என்று எழுதியிருக்கிறது. மூன்றாவதுதான் அதிகம் நடக்கிறது. அதற்கு மட்டும் அவர் கட்டணம் வாங்குவதில்லை.

எனக்கு அதே கட்டடத்தின் மேல் மாடியில் மெய்ப்புத் திருத்தும் வேலை. காலை பதினொரு மணிக்கு என் கண்கள் வேலைநிறுத்தம் செய்யும். ஒரு மாடி கீழே இறங்கினால் அக்காவின் தேநீர் கிடைக்கும். இந்தக் கட்டுரையில் உள்ள எல்லா உண்மைகளும் அந்தத் தேநீரோடு சேர்ந்து உள்ளே போனவை.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. மின் கட்டண ரசீதில் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் வந்தவர் சட்டைப் பைக்குள் கையை விடும்போதே, “ஓரம், ஓரம், ஓரத்தைப் புடிங்க” என்று இவர் ஆரம்பித்துவிடுவார். அந்தக் குரல் சுவரைத் தாண்டி பல் டாக்டரிடம் காத்திருப்பவர்களின் காதிலும் விழும். வாயில் வலியோடு உட்கார்ந்திருப்பவர்களில் சிலர், தங்களுக்குத்தான் சொல்கிறார்கள் என்று நினைத்து நாற்காலியின் ஓரத்தைப் பிடித்துக்கொள்வதாக டாக்டரே சொல்லியிருக்கிறார். பெயர் அப்படி நிலைத்தது.

காசைத் தொடுவதற்கு முன் அக்கா கை கழுவுகிற நேரத்தில் இன்னொருவர் குளித்துவிட்டு வந்துவிடலாம். கழுவி, துடைத்து, விரல்களை விரித்துக் காற்றில் உலர்த்தி, ஒன்றோடொன்று தேய்த்துப் பார்த்து, திருப்தி இல்லையென்றால் மறுபடியும் கழுவுவார். கையுறை போடலாமே என்று கேட்பவர்களுக்குப் பதில் தயாராக இருக்கிறது. “உறை போட்டா வழுக்கும். வழுக்கி விழுந்த காசு அடிபட்ட காசு. சுத்தமான கை, ஓரத்துல ரெண்டு விரல், கீழ மெத்துனு ஒரு துணி. இதுக்கு மேல எதுக்கு வேஷம்?”

காசு கையில் இருக்கும்போது அவர் வாயைத் திறப்பதில்லை. உலகத்தில் பல பேர் கையில் ஆளுக்கொரு காசைக் கொடுக்கலாம் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. பேசியே ஆகவேண்டுமென்றால் முகத்தை முழுக்கச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார். “எச்சில் துளி ஒண்ணு போதும். இன்னிக்கு ஒண்ணும் தெரியாது. ஆறு மாசம் கழிச்சு கரும்புள்ளியா எழுந்து நிக்கும்.” ஆகவே, குடும்பமே பொக்கிஷம் என்று நம்பிக்கொண்டிருந்த நாணயம் போலி என்பது போன்ற செய்திகளை அவர் சுவரிடம்தான் தெரிவிக்கிறார். சுவர் அதைத் தாங்கிக்கொள்கிறது. சம்பந்தப்பட்டவருக்கும் முகத்தைச் சரிசெய்துகொள்ளக் கொஞ்சம் அவகாசம் கிடைக்கிறது.

வருகிறவர்களில் பாதிப்பேர் கைபேசியில் ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டு வருகிறார்கள். அதில் ஒருவர் இதே மாதிரி காசுக்கு லட்சக்கணக்கில் விலை சொல்லியிருப்பார்.

“ரொம்பப் பழசுங்க இது” என்பார் வந்தவர்.

“வயசுக்கு விலை கிடையாதுங்க. வயசுக்கெல்லாம் விலை வெச்சா எங்க வீட்டுக்காரரை எப்பவோ ஏலத்துல விட்டிருப்பேன். எத்தனை மிச்சம் இருக்கு, எப்படி இருக்கு, எத்தனை பேருக்கு வேணும். இந்த மூணுதான் கேள்வி.”

மூன்றில் நடுக் கேள்விக்குத்தான் அவர் உயிரைக் கொடுக்கிறார். கழுத்தில் கயிற்றில் தொங்கும் லென்ஸைக் கண்ணில் பொருத்தி, விளக்கடியில் காசை மெல்லச் சுழற்றுவார். அச்சிலிருந்து வந்தபடியே இருக்கும் காசில், வெளிச்சம் ஒரு சக்கரம் மாதிரி சுற்றி வருமாம். “அந்தச் சக்கரம் நின்னுபோச்சுன்னா யாரோ தொட்டிருக்காங்கன்னு அர்த்தம்.” பிறகு ஓரத்தைச் சுற்றிலும் பார்ப்பார். அச்சில் அடிக்காமல் வார்த்துச் செய்த போலியாக இருந்தால் ஓரத்தில் ஒரு தையல் கோடு தெரியுமாம். “பொய் சொல்றவங்க முகத்தை ஒழுங்கா வெச்சுக்குவாங்க. ஓரத்துல மாட்டிக்குவாங்க” என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். ஏன் பார்த்தார் என்று நான் கேட்கவில்லை.

அவருக்கு எதிரிகள் இரண்டு. ஒன்று, மெல்லிய பிளாஸ்டிக் உறை. அது நாளடைவில் வியர்த்து, காசின்மேல் பச்சையாகப் பிசுபிசுக்கும். இன்னொன்று, அன்பு.

அன்பு பற்பசையோடு வருகிறது. சென்ற மாதம் ஒரு பிளம்பர் வந்தார். தன் மாமா விட்டுப்போன ஒரே வெள்ளிக் காசைக் கண்ணாடி போல மினுங்க வைத்துக் கொண்டுவந்திருந்தார். நல்ல மனிதர், கடைக்குள் செருப்போடு வரலாமா என்றுகூடக் கேட்டார்.

“கறுப்பா கெடந்துச்சுங்க. உங்க முன்னாடி அப்படியே நீட்டினா மரியாதையா இருக்காதுன்னு, பேஸ்ட் போட்டு நல்லா தேய்ச்சு எடுத்துட்டு வந்தேன்.”

அக்கா அதை ஓரத்தில் பிடித்து ஒருமுறை பார்த்தார். சுவர்ப் பக்கம் திரும்பினார். உடனே பிளம்பர் பக்கமே திரும்பிவிட்டார். காசைத் துணிமேல் வைத்துவிட்டு மெல்லக் கேட்டார்.

“எவ்வளவு நேரம் தேய்ச்சீங்க?”

“ஒரு மணி நேரம் இருக்கும்ங்க.”

“மணிக்கு இருபதாயிரம் செலவு பண்ணித் தேய்ச்சிருக்கீங்க.”

தேய்த்ததில் காசு இழந்த விலைதான் அது என்ற கணக்கு பிளம்பருக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. புரிந்ததும் உட்கார்ந்துவிட்டார். அக்கா என் தேநீரை எடுத்து அவருக்குக் கொடுத்தார். “விடுங்க. மாமா காசை ஒரு மணி நேரம் உக்காந்து தேய்க்கிற மருமகன் எத்தனை பேருக்கு இருக்காங்க” என்றார். அவர் போன பிறகு, அந்த வெள்ளிக்கு நேர்ந்ததை நினைத்துப் பத்து நிமிடம் லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தார். என் தேநீருக்கு நேர்ந்ததைப் பற்றி நினைத்ததாகத் தெரியவில்லை.

தேய்ந்துபோன சில்லறையைச் சின்ன டப்பாவில் போட்டுக்கொண்டு வருகிறவர்களிடம் அவர் வேறு மாதிரி நடந்துகொள்கிறார். ஒன்றும் தேறாது என்று பார்த்த மாத்திரத்தில் அவருக்குத் தெரியும். ஆனாலும் ஒவ்வொன்றையும் எடுத்து, லென்ஸில் பார்த்து, முறைப்படி திருப்பி வைப்பார். கடைசியில், “நல்லா உழைச்ச காசுங்க எல்லாம். வீட்டுலயே இருக்கட்டும்” என்பார். விலை என்று எதையும் சொல்லமாட்டார். கேட்டவர்களும் ஏனோ அதற்குமேல் கேட்பதில்லை.

இத்தனை கண்டிப்பும் ஒரு மனிதரின் விஷயத்தில் இரட்டிப்பாகும். அவர் அக்காவின் அண்ணன். வெல்டிங் பட்டறை வைத்திருந்தவர். ஊரில் பாதி கேட்டுகளை ஒட்டவைத்த கை. விரல் ரேகைகளுக்குள் கரி குடியேறி, நாற்பது வருடமாக வாடகையில்லாமல் இருந்தது. ஐம்பத்து மூன்று வயதுத் தங்கையை இன்றும் ‘பாப்பா’ என்றுதான் கூப்பிடுவார். பாப்பா அவருக்கென்று ஒரு ஸ்டூல் போட்டிருந்தார். மேசையிலிருந்து மூன்றடி தள்ளி. “கையைக் கட்டிக்கிட்டு உக்காருங்கண்ணே.” அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு உட்காருவார். எழுபது வயது ஆள் பள்ளிக்கூடப் பையன் மாதிரி உட்கார்ந்திருப்பதைப் பார்த்து முதல் தடவை நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். கையை மட்டும் அவிழ்க்கவில்லை.

கடை திறந்த நாளில், மாலை வரை ஒரு ஆள்கூட மாடியேறி வரவில்லையாம். அந்தக் கதையை அக்கா என்னிடம் ஒரே ஒரு தடவைதான் சொன்னார், அதுவும் சுவரைப் பார்த்து. அப்போது அவர் கையில் காசு எதுவும் இல்லை. விளக்கு வைக்கும் நேரத்துக்கு அண்ணன் பட்டறைச் சட்டையோடு வந்து நின்றிருக்கிறார்.

“உன் கடையிலயே விலை கூடின காசு எது?”

“எதுக்குண்ணே?”

“வாங்கத்தான். வேற எதுக்கு வருவாங்க கடைக்கு?”

புது வெல்டிங் மெஷினுக்காகச் சேர்த்துவைத்திருந்த பணம் அது என்று தங்கைக்குத் தெரியும். தங்கைக்குத் தெரியும் என்று அண்ணனுக்கும் தெரியும். இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசாமல் வியாபாரத்தை முடித்தார்கள். பெண்ணின் தலை பொறித்த பெரிய வெள்ளிக் காசு. அச்சிலிருந்து வந்த பிறகு எந்தக் கையும் படாதது. அண்ணன் வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினார். தங்கை அந்தக் கையைப் பார்த்தார். காசை உள்ளே இருப்பது தெரிகிற வட்டச் சிமிழில் அடைத்து, அண்ணனின் பெயரைச் சீட்டில் எழுதி ஒட்டி, இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டினார்.

“உங்க கையில இருந்தா ஒரே வாரம்தான். இங்கயே இருக்கட்டும், பத்திரமா இருக்கும்.”

“சரி பாப்பா. உனக்குத்தான் தெரியும்.”

அதிலிருந்து வருடத்துக்கு ஒரு முறை, கடை திறந்த தேதியன்று, அக்கா சிமிழை வெளியே எடுப்பார். அண்ணன் மூன்றடி தூரத்திலிருந்து, கட்டிய கையோடு, கழுத்தை மட்டும் நீட்டிப் பார்ப்பார். “அப்படியே இருக்குண்ணே.” “நல்லது பாப்பா.” பெட்டி பூட்டப்படும். உலகத்தில் இவ்வளவு சிரமமில்லாமல் சொத்து அனுபவித்தவர் வேறு யாரும் இருக்க முடியாது.

மூன்று வருடத்துக்கு முன் அவருக்குக் கண் மங்கத் தொடங்கியது. சொட்டு மருந்து, அறுவை, மறுபடியும் சொட்டு மருந்து. போன வருடம் வெளிச்சம் எந்தப் பக்கம் என்று மட்டும் தெரிந்தது. இப்போது அதுவும் இல்லை. பட்டறையைக் கைமாற்றிவிட்டார். கரி கொஞ்சம் கொஞ்சமாக விரல்களைக் காலி செய்துவிட்டுப் போனது. இந்த வருடமும் அந்தத் தேதியில் மகள் கையைப் பிடித்து மாடியேறி வந்து, ஸ்டூலைத் தடவிக் கண்டுபிடித்து உட்கார்ந்து, கையைக் கட்டிக்கொண்டார். அக்கா சிமிழை எடுத்து அவர் முகத்துக்கு நேரே பிடித்தார்.

“அப்படியே இருக்குண்ணே.”

“நல்லது பாப்பா.”

நான் என் தேநீர் கோப்பைக்குள் ஏதாவது எழுத்துப்பிழை இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அண்ணன் மகள் வங்கியில் வேலை செய்பவர்; நல்ல பெண், எதையும் சும்மா கிடக்க விடமாட்டார். “அத்தை, கோவிச்சுக்காதீங்க. அப்பாவுக்குத்தான் அதைப் பாக்க முடியாதே. பெட்டியில கெடந்து என்ன ஆகப்போகுது? வித்துட்டா அவர் பேர்ல போட்டு வைக்கலாம்” என்றார். அதில் தப்பு கண்டுபிடிக்க அக்காவால் முடியவில்லை. அண்ணனிடம் கேட்டார். “பாப்பா சொன்னா சரி” என்றார் அண்ணன். மகளையும் அவர் பாப்பா என்றுதான் கூப்பிடுவார்; இரண்டு பாப்பாக்களில் எந்தப் பாப்பா என்று தெளிவாகவில்லை.

வாங்க ஆள் தேட வேண்டியிருக்கவில்லை. பக்கத்து அறைப் பல் டாக்டர் ஒன்பது வருடமாக அந்தக் காசுக்காகக் காத்திருந்தார். வெள்ளிக் காசுகள் சேர்ப்பவர்; பழுது கண்டுபிடிக்கும் கண்; தரத்தில் மயிரிழை குறைந்தாலும் தொடமாட்டார். சொன்ன விலைக்கு மறுபேச்சுப் பேசவில்லை. “ஒரே ஒரு விஷயம் மேடம். கை படாததா இருக்கணும். ஒரு ரேகை இருந்தாலும் எனக்கு வேண்டாம்.”

“டாக்டர், யார்கிட்ட சொல்றீங்க?” என்றார் அக்கா.

செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு எல்லோரும் கூடினோம். அண்ணன் ஸ்டூலில். மகள் கதவோரம். டாக்டர் முகமூடியைத் தாடைக்கு இறக்கிவிட்டுக்கொண்டு, சொல்லாமலேயே போய்க் கை கழுவிவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தார். நான் விதிப்படி நின்றேன். அக்கா சிமிழைத் திறந்தார். நான் அறிந்தவரை, இருபத்தாறு வருடத்தில் அது திறக்கப்பட்டது அதுதான் முதல் தடவை. டாக்டர் காசை ஓரத்தில் எடுத்து, விளக்கடியில் சுழற்றி, மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். பார்த்து முடித்துத் துணிமேல் வைத்த பிறகுதான் மூச்சை விட்டார்.

“ஒண்ணுமே இல்ல மேடம். நேத்து அடிச்ச மாதிரி இருக்கு. எப்படி வெச்சிருந்தீங்க இவ்வளவு வருஷம்?”

“யாரையும் தொட விடல, டாக்டர்.”

“அங்க ஒருத்தருக்கு மரத்துப்போக ஊசி போட்டு உக்கார வெச்சிருக்கேன். பல்லை எடுத்துட்டு செக்கோட வந்துடுறேன்” என்று டாக்டர் எழுந்து போனார். மகளும் அப்பாவின் சொட்டு மருந்து தீர்ந்துபோனது நினைவுக்கு வந்து, கீழே மருந்துக் கடைக்கு இறங்கினார். அறை திடீரென்று பெரிதாகிவிட்டது.

அண்ணன் தொண்டையைச் செருமினார்.

“பாப்பா, ஒண்ணு கேக்கட்டுமா? சிரிக்கக் கூடாது.”

“கேளுங்கண்ணே.”

“அதுல ஒரு தலை இருக்கும்ல. அது ஆம்பளையா பொம்பளையா?”

அக்கா திரும்பிப் பார்த்தார்.

“அவ்வளவு தூரத்துல இருந்து பாத்ததுல வெள்ளையா ஒரு வட்டம்தான் தெரியும். நடுவுல ஏதோ தலை மாதிரி. நீ அக்கறையா காட்டுவியா, தெரியலன்னு சொல்ல வெக்கமா இருக்கும். சரி, அடுத்த வருஷம் கேட்டுக்கலாம்னு விட்டுடுவேன்.”

“பொம்பளைண்ணே” என்றார் அக்கா. “முடியைத் தூக்கிக் கட்டியிருக்கா. கழுத்துல ஒரு மாலை.”

“எந்தப் பக்கம் பாக்குறா?”

“இடது பக்கம்.”

“ம்.” அண்ணன் தலையை இடது பக்கம் கொஞ்சம் திருப்பிப் பார்த்துக்கொண்டார். “மூக்கு எப்படி?”

“நேரா இருக்கு. நல்ல மூக்கு.”

“நல்ல மூக்குன்னா எனக்கு எப்படித் தெரியும் பாப்பா? பட்டறையிலகூட ஒட்டு சரியா வந்திருக்கான்னு கண்ணால பாத்து நான் நம்பினதில்ல. ஆறின பிறகு விரலை வெச்சு ஒரு இழுப்பு இழுத்தாத்தான் மனசு ஒத்துக்கும்.” பிறகு, ரொம்பப் பேசிவிட்டது போல அவசரமாகச் சொன்னார்: “பரவால்ல. டாக்டர் நல்ல மனுஷன். பத்திரமா வெச்சுக்குவாரு.”

அக்கா காசின் ஓரத்தைப் பிடித்து எடுத்தார். எழுந்து, மேசையைச் சுற்றி வந்து, அந்த மூன்றடியைக் கடந்து அண்ணன் முன்னால் நின்றார். கட்டியிருந்த கைகளில் ஒன்றை அவிழ்த்து இழுத்தார். அண்ணன் பின்வாங்கினார்.

“வேணாம் பாப்பா, கை அழுக்கு.”

“நீட்டுங்கண்ணே.”

உள்ளங்கையில் காசு வந்து உட்கார்ந்ததும் அண்ணனின் விரல்கள் எச்சரிக்கையாக மடங்கின. இரண்டு விரல்கள் ஓரத்தைத் தேடிப் பிடித்தன. மறு கை தானாகக் கீழே விரிந்தது. அப்படியே அசையாமல் இருந்தார். “ஓரம்தான் புடிச்சிருக்கேன். சரிதானே?” என்றார்.

“சரிதான்.”

“நல்ல கனம்.” முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் சொன்னார், வாயிலிருந்து துளி பட்டுவிடக் கூடாதென்று. “போதும், எடுத்துக்கோ. அவர் வந்துடுவாரு.”

அக்கா எடுத்துக்கொள்ளவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் டாக்டர் யாரையோ வாயை இன்னும் பெரிதாகத் திறக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். அக்கா தன் கட்டைவிரலைத் தேய்த்துக்கூடப் பார்க்கவில்லை. குனிந்து, அதை அந்த வெள்ளிப் பெண்ணின் நெற்றியில் வைத்து அழுத்தினார். மெல்லக் கீழே இழுத்துக்கொண்டு போனார்.

“இங்க ஆரம்பிக்குது மூக்கு” என்றார். “உங்க விரலைக் குடுங்கண்ணே.”